காலில் வலியும் வீக்கமும்: சிரைகளில் தோன்றும் அரிய கட்டிகள்

ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் ஏற்பட்டால், அதற்குக் காரணம் பெரும்பாலும் ஆழ்சிரை இரத்த உறைவாகவோ, சுருள்சிரை நோயாகவோ, தோல் தொற்றாகவோ, நிணநீர்த் தேக்கமாகவோ இருக்கும். மிக அரிதாக, சிரையின் சுவரிலேயே தோன்றும் ஒரு கட்டியும் இதே அறிகுறிகளைக் கொடுக்கக்கூடும். அக்கட்டி ஸ்கேனில் இரத்த உறைவைப் போலவே தோற்றமளிப்பதால், சிலருக்குப் பல மாதங்கள் உறைவுக்கான சிகிச்சையே தொடர்கிறது. இத்தகைய கட்டிகள் எவை, எந்நிலையில் அவற்றை ஐயுற வேண்டும், அப்போது நீங்களும் உங்களைப் பராமரிப்பவர்களும் செய்ய வேண்டியவை யாவை என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

கால் வீங்கியிருக்கிறது என்பதாலேயே இக்கட்டி இருக்குமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில், சார்கோமா எனப்படும் மென்திசுப் புற்றுகள் ஏறத்தாழ 100இல் 1 பங்கே ஆகும். அவற்றுள்ளும் சிரைச் சுவரிலிருந்து எழுபவை மிகச் சிறு பகுதி. பொது மருத்துவர் ஒருவர் தம் பணிக்காலம் முழுவதிலும் இத்தகைய நோயாளி ஒருவரைக்கூடப் பாராமல் ஓய்வு பெறலாம். ஆயினும், அரிதாக இருப்பதனாலேயே இந்நோய் தாமதமாகக் கண்டறியப்படுகிறது; தாமதமோ சிகிச்சையின் பலனைக் குறைக்கிறது.

சொற்களில் நேரும் குழப்பம்

நம் வழக்கில் சிரையை ‘நரம்பு’ என்றே பலரும் சொல்கிறோம். ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்றால் சுருள்சிரை, அதாவது வெரிகோஸ் வெயின் என்று பொருள். மருத்துவத்தில் நரம்பு என்பது உணர்ச்சியையும் இயக்கத்தையும் கடத்துவது. சிரை என்பது கெட்ட இரத்தத்தை இதயத்திற்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாய். மருத்துவரிடம் ‘நரம்பில் கட்டி’ என்று கூறும்போது, நீல நிறத்தில் புடைத்துத் தெரியும் குழாயைச் சொல்கிறீர்களா என்பதைக் கைவைத்துக் காட்டிவிடுவது நல்லது.

‘இரத்தக்கட்டு’ என்ற சொல் இன்னும் கூடுதலான குழப்பத்தைத் தருகிறது. அடிபட்ட இடத்தில் தோலுக்கடியில் கன்றிப்போவதையும் இரத்தக்கட்டு என்கிறோம். சிரைக்குள் இரத்தம் உறைந்து அடைப்பதையும் அப்படியே சொல்கிறோம். முன்னதற்குப் பற்றுப் போடும் வழக்கம் உண்டு. அதே நினைவில், சிரையில் இரத்தக்கட்டு என்று மருத்துவர் சொன்ன காலுக்கும் தைலம் தேய்த்து அழுத்தி உருவிவிடுகிறார்கள். இதனைச் செய்யவே கூடாது. உறைவின் ஒரு துண்டு பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கு ஆபத்து நேரிடும்.

ஒரு காலில் மட்டும் தோன்றும் வீக்கத்திற்கு மருந்துக்கடையில் நீர் மாத்திரை வாங்கி உண்பதும் பயனற்றது. அடைப்பு இருக்குமிடத்தில் நீர் மாத்திரை எதையும் திறந்துவிடாது.

சிரைச் சுவரில் கட்டி எவ்வாறு உண்டாகிறது?

சிரையின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. நடு அடுக்கில், நம் விருப்பத்திற்குக் கட்டுப்படாமல் தானே இயங்கும் மென்தசை இழைகள் உள்ளன. குடலிலும் கருப்பையிலும் இருப்பதும் இவ்வகைத் தசையே. இவ்விழைகளிலிருந்து எழும் புற்றுக்கு லியோமயோசார்கோமா என்று பெயர். கருப்பையிலும் வயிற்றின் பின்புறத்திலும் இப்புற்று தோன்றுவது ஓரளவு தெரிந்த செய்தி. இரத்தக்குழாய்ச் சுவரிலிருந்து நேரடியாகத் தோன்றுவது அதைவிட மிகக் குறைவு. அவ்வாறு தோன்றும்போது தமனிகளைவிடச் சிரைகளிலேயே அதிகம் காணப்படுகிறது.

இடுப்புக்குக் கீழுள்ள இரத்தம் முழுவதையும் இதயத்திற்கு ஏற்றிச் செல்லும் கீழ்ப்பெருஞ்சிரையே இந்நோய் மிகுதியாகத் தாக்கும் இடம். பெர்ல் என்பவர் 1871ஆம் ஆண்டில் முதன்முதலாக இதனை விவரித்தார். ஐம்பது, அறுபது வயதுகளில் உள்ள பெண்களிடம் இது ஆண்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. கால்களைப் பொறுத்தவரை தொடைச்சிரை, முழங்காலின் பின்புறச் சிரை, கணுக்காலிலிருந்து தொடையிடுக்கு வரை தோலுக்கடியில் ஓடும் நீண்ட மேற்சிரை ஆகியவற்றில் தோன்றலாம்.

கட்டி சிரையின் உட்புறமாக வளர்ந்தால், வாய்க்காலில் வண்டல் அடைப்பதுபோல இரத்த ஓட்டத்தை அடைக்கும். அப்போது கால் வீங்கும், கனத்துப்போனதாகத் தோன்றும். வெளிப்புறமாக வளர்ந்தால் அருகிலுள்ள தமனியையும் நரம்பையும் அழுத்தும். நரம்பு அழுத்தப்படும்போது மரத்துப்போதல், மின்சாரம் பாய்வதுபோன்ற வலி, இரவில் உறக்கத்தைக் கலைக்கும் வலி ஆகியவை ஏற்படும். பலருக்கு இரு திசைகளிலும் வளர்ச்சி நிகழ்வதால் வீக்கமும் வலியும் சேர்ந்தே வருகின்றன.

கீழ்ப்பெருஞ்சிரையின் கீழ்ப்பகுதியில் கட்டி இருந்தால் இரு கால்களும் வீங்கலாம். ஆனால் அடைப்பு மெதுவாக வளர்வதால், இரத்தம் பக்கவழிச் சிறு சிரைகளைத் தேடிக்கொள்கிறது. இதனால் கட்டி பெரிதான பிறகுதான் வீக்கம் வெளியே தெரியும். அடிவயிற்றின் தோலில் புதிதாகப் புடைத்த சிரைகள் தெரிவது, அத்தகைய பக்கவழி உருவாகியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம்.

லியோமயோசார்கோமா தவிர வேறு சில வளர்ச்சிகளும் உண்டு. கருப்பை நார்த்தசைக் கட்டியைப் போன்ற திசு, சிரைக்குள் புகுந்து கயிறுபோல நீண்டு, சிலரில் இதயம் வரைகூட வளர்ந்துவிடும். இது புற்று அன்று. ஆயினும் இதயத்தை அடைந்தால் மூச்சுத்திணறலும் மயக்கமும் உண்டாகும். ஆகவே, நார்த்தசைக் கட்டிக்காகக் கருப்பை அகற்றப்பட்ட பெண்ணுக்குச் சில ஆண்டுகள் கழித்துக் கால் வீங்கினால், அந்த அறுவை சிகிச்சையைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் கூற வேண்டும். ‘அது பழைய கதை’ என்று விட்டுவிடுவோர் பலர். சிரைக்குள் உறைவு ஆறும்போது உருவாகும் தீங்கற்ற சிறு முடிச்சுகளும், பிறவியிலேயே உள்ள இரத்தக்குழாய்க் கட்டிகளும் உண்டு. கட்டி என்றாலே புற்று என்று பொருளில்லை.

யானைக்கால் நோயாலோ வேறு காரணத்தாலோ பல ஆண்டுகளாகக் கால் வீங்கியிருப்பவர்கள், அந்தக் காலின் தோலில் ஊதா நிறத் திட்டோ, அடிபடாமலே கன்றியது போன்ற தழும்போ, எளிதில் இரத்தம் கசியும் சிறு முடிச்சுகளோ புதிதாகத் தோன்றினால் தாமதிக்கக் கூடாது. நெடுநாள் நிணநீர்த் தேக்கமுள்ள உறுப்பில் ஆஞ்சியோசார்கோமா என்ற, விரைவாகப் பரவும் இரத்தக்குழாய்ப் புற்று மிக அரிதாகத் தோன்றுவதுண்டு.

உறைவா, கட்டியா?

இப்பக்கத்தில் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய பகுதி இதுவே.

ஆழ்சிரை உறைவுக்கு வார்ஃபரின், ரிவராக்சபான், அபிக்சபான் போன்ற உறைவெதிர்ப்பு மருந்துகள் குறைந்தது 3 மாதங்களுக்குத் தரப்படுகின்றன. இம்மருந்துகள் உறைவை நேரடியாகக் கரைப்பதில்லை. மேலும் வளராமல் தடுக்கின்றன. கரைக்கும் வேலையை உடல் மெல்லச் செய்கிறது. ஆகவே மருந்தைத் தவறாமல் உட்கொள்பவருக்கு முதல் சில வாரங்களில் வலி தணியத் தொடங்கும். வீக்கம் குறையும் அல்லது குறைந்தபட்சம் கூடாது.

சிரைச் சுவரிலிருந்து எழுந்த கட்டிக்கு இம்மருந்தினால் பயனில்லை. ஆனால் கட்டியின் மேற்பரப்பில் இரத்தமும் உறைந்து படிவதுண்டு. அந்த உறைவு மருந்தினால் சிறிது குறைய, கால் சற்றுத் தேறியதுபோல் தோன்றும். பின்னர் மீண்டும் வீங்கும். இந்த இடைக்கால முன்னேற்றமே நோயாளியையும் மருத்துவரையும் திசைதிருப்பிவிடுகிறது.

எனவே, மருந்தைச் சரியான அளவில் ஒழுங்காக உட்கொண்டும் வீக்கம் வாரந்தோறும் கூடிக்கொண்டே போனால், ‘உறைவு’ இருப்பதாகச் சொன்ன இடத்தில் கையால் தொட்டு உணரக்கூடிய கெட்டியான கட்டி இருந்தால், அது வளர்ந்தால், வலி இரவில் மிகுந்தால், பாதம் மரத்துப்போனால், அடுத்த ஸ்கேனில் ‘உறைவு’ நீண்டிருந்தால் அல்லது தடித்திருந்தால், ‘இது உறைவுதானா என்று மறுபடியும் பார்க்க இயலுமா?’ என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். இவ்வாறு கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. மாதந்தோறும் வெளிநோயாளர் பிரிவில் வேறு வேறு மருத்துவர்கள் பார்க்க நேரிடும்போது, தொடக்கம் முதல் இன்று வரை நடந்ததை முழுமையாக அறிந்தவர்கள் நீங்கள் மட்டுமே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தொடைப்பகுதியில் பெரிய உறைவு ஏற்பட்டவர்களில் 100இல் 20 முதல் 50 பேருக்கு, முறையான சிகிச்சைக்குப் பிறகும் காலில் ஓரளவு வீக்கமும் கனமும் நிலைத்துவிடும். உறைவால் சிரையின் தடுக்கிதழ்கள் பழுதடைவதே காரணம். அவ்வீக்கம் மாலையில் கூடி, இரவில் காலை உயர்த்தி வைத்துப் படுத்தால் காலையில் குறைந்திருக்கும். மாதக்கணக்கில் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். இடைவிடாமல் வளரும் வீக்கம்தான் வேறுபட்டது.

வளர்கிறதா இல்லையா என்பதை நினைவிலிருந்து சொல்வது கடினம். தையல் நாடா ஒன்று போதும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, முன்புறம் கையில் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே இரு கால்களின் சுற்றளவையும் அளந்து, நாளும் நேரமும் குறித்து வையுங்கள். வாரம் ஒருமுறை, காலையில் எழுந்தவுடன் அளப்பது நல்லது. இரு கால்களுக்கும் இடையே 3 செ.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால் அதனை மருத்துவர்கள் பொருட்படுத்துவார்கள். வீக்கம் தொடையில் இருந்தால் அங்கும் ஓரிடத்தை அடையாளமிட்டு அளக்கலாம்.

ஐயம் எழுந்துவிட்டது என்பதற்காக உறைவெதிர்ப்பு மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது. உங்களுக்கு இருப்பது உண்மையான உறைவாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். கட்டியாக இருந்தாலும் அதன்மேல் உறைவு படிந்திருக்கலாம். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், மயக்கம், கால் முழுவதும் நீலம் பாய்ந்து கடுமையாக வலித்தல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் உடனே 108 ஊர்தியை அழையுங்கள்.

செய்யப்படும் பரிசோதனைகள்

முதல் பரிசோதனை டாப்ளர் ஸ்கேன். வலியில்லாதது, கதிர்வீச்சு அற்றது, மாவட்ட அளவிலேயே கிடைப்பது. சாதாரண உறைவுக்குள் இரத்த ஓட்டம் இராது. கட்டி உயிருள்ள திசு. அதற்கு உணவூட்ட நுண்ணிய தமனிகள் அதனுள் ஓடும். ‘உறைவுக்குள்’ தமனியின் ஓட்டம் தெரிவதாக ஸ்கேன் மருத்துவர் எழுதியிருந்தால், அந்த ஒரு வரி அறிக்கையின் மற்ற எல்லா வரிகளையும்விட முக்கியமானது. சிரை இயல்புக்கு மீறி உப்பியிருப்பதும், அதன் சுவர் ஓரிடத்தில் கரைந்ததுபோல் தெரிவதும் ஐயத்தை வலுப்படுத்தும்.

அடுத்தது, மருந்து செலுத்தி எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. ஸ்கேன். செலுத்தும் மருந்தை உறைவு ஏற்காது. கட்டி ஏற்று ஒளிரும். கட்டி எதுவரை நீண்டுள்ளது, தமனியும் நரம்பும் அதனுடன் ஒட்டியுள்ளனவா என்பதும் இதில் தெரியும். வயிறும் இடுப்பும் சேர்த்துப் பார்க்கப்படுவது அவசியம். ஏனெனில், காலின் சிரையில் தோன்றும் கட்டியைவிட, இடுப்புக்குள் இருக்கும் கருப்பைவாய்ப் புற்று, சூலகக் கட்டி, வீங்கிய நிணநீர்க் கணுக்கள் ஆகியவை சிரையை வெளியிலிருந்து அழுத்திக் காலை வீங்கச் செய்வது மிகவும் பொதுவானது. சிறுநீரகப் புற்றும் கீழ்ப்பெருஞ்சிரைக்குள் நீண்டு வளர்வதுண்டு. இவ்வகைப் புற்றுகள் இரத்தத்தின் வழியே முதலில் நுரையீரலை நாடுவதால் நெஞ்சுப் பகுதிக்கும் சி.டி. எடுக்கப்படும்.

அவசரப்பட்டு அகற்ற வேண்டாம்

தோலுக்கடியில் உள்ள மேற்சிரையில் கட்டி தோன்றும்போது, அது கொழுப்புக் கட்டி என்றோ, சுருள்சிரையின் முடிச்சு என்றோ கருதப்பட்டு, சிறிய அறுவை அரங்கில் மரப்பு ஊசி போட்டு அகற்றப்படுவதுண்டு. பின்னர் ஆய்வக அறிக்கை சார்கோமா என்று வரும். அதற்குள் புற்றணுக்கள் சுற்றியுள்ள திசுக்களில் சிந்தியிருக்கலாம். அடுத்த அறுவை சிகிச்சை, முதலிலேயே திட்டமிட்டுச் செய்திருந்தால் தேவைப்பட்டிருக்கக்கூடியதைவிடப் பெரிதாக அமையும்.

5 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டி, எந்த அளவாயினும் வளர்ந்துகொண்டே வரும் கட்டி, தசைக்குள் ஆழ்ந்திருக்கும் கட்டி ஆகியவற்றை ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் யாரும் வெட்டியெடுக்க இசைய வேண்டாம். சுருள்சிரைக்காக அறுவை சிகிச்சையோ லேசர் சிகிச்சையோ செய்துகொள்பவர்களும், சிரையோரம் கெட்டியான கட்டி இருந்தால் அதை முன்கூட்டியே காட்ட வேண்டும்.

நோயை உறுதி செய்வது திசுப் பரிசோதனையே. பெரிய ஊசியால் கட்டியிலிருந்து சிறு துணுக்குகள் எடுக்கப்படும். சில வேளைகளில் சிரையின் உட்புறம் வழியாகவே கருவியைச் செலுத்தியும் எடுப்பார்கள். ஊசி எந்த வழியே நுழைகிறது என்பது முக்கியம். பிறகு அகற்றப்படும் பகுதிக்குள் அந்த வழியும் அடங்க வேண்டும். ஆதலால் இறுதி அறுவை சிகிச்சை எங்கு நடக்கவிருக்கிறதோ, அங்கேயே திசுப் பரிசோதனையும் செய்துகொள்வது சிறந்தது. ‘ஊசி பட்டால் புற்று பரவிவிடும்’ என்று அஞ்சிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது, ஊசியைவிடப் பெரிய தீங்கு.

சிகிச்சை

கட்டியைச் சுற்றியுள்ள நல்ல திசுவின் ஒரு விளிம்போடு, கட்டி தோன்றிய சிரைப்பகுதியையும் சேர்த்து முழுமையாக அகற்றுவதே முதன்மைச் சிகிச்சை. புற்று அறுவை மருத்துவரும் இரத்தநாள அறுவை மருத்துவரும் இணைந்து செய்ய வேண்டிய அறுவை இது.

சிரையை அகற்றிவிட்டால் கால் என்னாகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நீண்ட காலம் அடைப்பு இருந்தவர்களுக்குப் பக்கவழிச் சிரைகள் ஏற்கெனவே விரிந்திருக்கும். ஆதலால் பலருக்கு மாற்றுச் சிரை பொருத்தத் தேவையில்லை. காலில் ஓரளவு வீக்கம் இருக்கும். அழுத்தக் காலுறையால் அதனைக் கட்டுப்படுத்தலாம். தமனியையும் அகற்ற நேர்ந்தால் நிலை வேறு. தமனி இல்லாமல் கால் பிழைக்காது. மற்றொரு காலிலிருந்து எடுத்த சிரையையோ செயற்கைக் குழாயையோ கொண்டு அது மீண்டும் இணைக்கப்படும். காலையே எடுக்க வேண்டிய நிலை இன்று பெரும்பாலோருக்கு வருவதில்லை.

கட்டி பெரிதாகவோ, ஆழமாகவோ, தீவிரத் தன்மை உடையதாகவோ இருந்தால் கதிர்வீச்சுச் சிகிச்சையும் சேர்க்கப்படும். அறுவைக்கு முன் தருவதாயின் வழக்கமாக 5 வாரங்கள், வாரத்திற்கு 5 நாட்கள். பரவிய நோய்க்கும், சிலருக்குப் பரவலைத் தடுக்கவும் டாக்சோரூபிசின் போன்ற வேதிச்சிகிச்சை மருந்துகள் தரப்படுகின்றன. இம்மருந்துக்கு முன் இதயத்தின் செயல்திறன் எக்கோ மூலம் பார்க்கப்படும். கருப்பைத் திசுவைப் போன்ற தீங்கற்ற வளர்ச்சிக்கு அறுவையே போதுமானது. ஈஸ்ட்ரோஜன் அதனை வளர்ப்பதால் சூலகங்களையும் அகற்றுமாறு அறிவுறுத்தப்படலாம்.

சிரைப் புற்று மீண்டும் வரக்கூடிய நோய் என்பதை மறைத்துப் பயனில்லை. முழுமையாக அகற்றப்பட்ட பிறகும் சிலருக்கு அதே இடத்திலோ நுரையீரலிலோ திரும்புகிறது. நுரையீரலில் ஓரிரு சிறு கட்டிகளாகக் கண்டறியப்பட்டால் அவற்றையும் அறுவை மூலம் அகற்ற வாய்ப்புண்டு. ஆகவே முதல் 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறையும், பின்னர் 5 ஆண்டுகள் வரை 6 மாதங்களுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையும் பரிசோதனைக்கு வர வேண்டும். கால் நன்றாக இருக்கிறது என்பதற்காக வராமல் இருந்துவிடக் கூடாது. நுரையீரலில் உள்ள சிறு கட்டி எந்த அறிகுறியும் தராது.

எங்கே செல்வது, எதைக் கொண்டு செல்வது

முதலில் அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலேயே டாப்ளர் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். ஐயம் இருப்பின் இரத்தநாள அறுவைப் பிரிவும் புற்றுநோய்ப் பிரிவும் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் பெறுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இவ்விரு பிரிவுகளும் உள்ளன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்போர் அதனையும் குடும்ப அட்டையையும் உடன் கொண்டு செல்லுங்கள். எங்கே செல்வது என்று தெரியாவிட்டால் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

ஸ்கேன் அறிக்கையின் தாள் மட்டும் போதாது. படங்கள் பதிவான குறுந்தகட்டையும் கேட்டுப் பெறுங்கள். பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் வளர்ச்சி தெரியும். வேறிடத்தில் கட்டி அகற்றப்பட்டிருந்தால், ஆய்வகத்திலிருந்து கண்ணாடிச் சில்லுகளையும் திசு பதிக்கப்பட்ட மெழுகுக் கட்டையையும் பெற்றுச் செல்லுங்கள். அவை உங்களுக்கு உரியவை. அரிய கட்டிகளின் வகையை உறுதிசெய்யக் கூடுதல் சாயப் பரிசோதனைகளை அந்தக் கட்டையிலிருந்தே செய்ய இயலும். மெழுகுக் கட்டை வெயிலில் இளகும். பேருந்துப் பயணத்தில் அதனைச் சன்னலோரம் வைக்காதீர்கள். உறைவெதிர்ப்பு மருந்து உட்கொள்வதை, ஊசியோ கத்தியோ எடுக்கும் ஒவ்வொருவரிடமும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். எந்த நாளில் நிறுத்தி எந்த நாளில் மீண்டும் தொடங்குவது என்பதை எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்.